மயிலாப்பூரில் பழைய ஃபிளாட்: யார் யார் கையெழுத்து இருந்தால் வாங்கலாம்?

கடிதம், சுருக்கமாக

மயிலாப்பூர் வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 41, தனியார் பள்ளி ஆசிரியை. கணவருக்குச் சிறுசேரியில் ஐ.டி. வேலை. இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது மாதம் 1.9 லட்சம், சேமிப்பு 55 லட்சம். மாட வீதிக்குப் பக்கத்தில் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறார்கள். இப்போது வாடகை 38 ஆயிரம். அடுத்த தெருவில் 1986இல் கட்டிய அடுக்ககத்தில், இரண்டாவது மாடியில், 1,050 சதுர அடி வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று தளம், 12 வீடுகள், லிஃப்ட் கிடையாது. மனை மூன்றரை கிரவுண்டு. இந்த வீட்டுக்குப் பத்திரப்படி யூடிஎஸ் (மனையில் பிரிக்கப்படாத பங்கு) 640 சதுர அடி. விலை 1.45 கோடி, அதில் ஒரு கோடிக்குப் பத்திரம், 45 லட்சம் ரொக்கம் என்கிறார் விற்பவர்.

வீடு விற்பவரின் அப்பா வாங்கியது. அவர் 2016இல் இறந்தார். அம்மாவும் இப்போது இல்லை. பதிவு செய்யாத உயில் ஒன்றின் ஜெராக்ஸைக் காட்டி ‘வீடு எனக்குத்தான்’ என்கிறார் மூத்த மகன். தம்பி பெங்களூரில், தங்கை அமெரிக்காவில். ‘ரெண்டு வருஷத்துல ஜேவிக்குப் போயிடும், புது வீடு சும்மா கிடைக்கும். மொட்டை மாடி ரூமும் உங்களுக்குத்தான். ஞாயித்துக்கிழமைக்குள்ள 2 லட்சம் டோக்கன் குடுங்க’ என்று புரோக்கர் நெருக்குகிறார். (ஜேவி என்றால் பில்டரோடு கூட்டுச் சேர்ந்து பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது.) கணவருக்குப் பெரும்பாக்கத்தில் 85 லட்சத்துக்குப் புது ஃபிளாட் வாங்க ஆசை. மாமியார் தினமும் கபாலீஸ்வரர் கோயிலுக்கு நடந்து போகிறவர்; ஊரை விட்டு நகர மாட்டார். வாங்கலாமா, பெண் பெயரில் வாங்கினால் பதிவுச் செலவு குறையுமாமே, உயில் செல்லுமா என்பவை அவருடைய கேள்விகள்.

பதில்

சகோதரி, ஞாயிற்றுக்கிழமை டோக்கன் கொடுக்க வேண்டாம். நல்ல வீடாகவே இருந்தாலும் கொடுக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய நகல்களைப் பார்த்தவரை இது மோசடி என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் வாங்கலாம் என்று சொல்லவும் இன்னும் காரணம் கிடைக்கவில்லை.

நாற்பது வருடக் கட்டடத்துக்கு மயிலாப்பூரில் சதுர அடி பதினான்காயிரத்துக்கு அருகே கொடுக்கிறீர்கள் என்றால், அது அந்தச் சுவருக்கான விலை இல்லை. கீழே இருக்கும் மண்ணில் உங்களுக்கு வரும் பங்குக்கான விலை. அந்தப் பங்கு பிரிக்கப்படாதது, பலரோடு சேர்ந்து வைத்திருப்பது. ஆகவே இரண்டு வகைக் கையெழுத்துகளை நீங்கள் பார்க்க வேண்டும்: விற்பவரின் உடன்பிறந்தவர்களுடையது, மற்ற பதினொரு வீட்டுக்காரர்களுடையது. உங்கள் கடிதத்தில் டைல்ஸ், பால்கனி, காற்றோட்டம் பற்றியெல்லாம் விரிவாக இருக்கிறது. இந்தப் பதின்மூன்று பேரில் ஒருவரிடம்கூட நீங்கள் பேசியதாக இல்லை.

உயிலும் உடன்பிறந்தவர்களும்

பதிவு செய்யாத உயில் செல்லாது என்று உங்கள் அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் முறைப்படி இருந்தால் வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். சிக்கல் நிரூபிப்பதில்தான் வருகிறது. வழக்கென்று போனால், சாட்சிகளில் உயிரோடு இருக்கும் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். உங்கள் நகலில் இருக்கும் இரண்டு சாட்சிகளில் ஒருவர் காலமாகிவிட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்றவர் எங்கே இருக்கிறார் என்று விற்பவரிடம் கேளுங்கள்.

சென்னை மாநகருக்குள் இருக்கும் சொத்துக்கு இந்துக்கள் எழுதிய உயில் என்றால், நீதிமன்றத்தில் புரோபேட் (உயில் உண்மைதான் என்ற சான்று) வாங்கினால்தான் அதை வைத்து உரிமை கோர முடியும் என்ற நிலை வெகுகாலம் இருந்தது. அந்தக் கட்டாயத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. ‘இப்பதான் சட்டமே மாறிடுச்சே’ என்று புரோக்கர் சொல்வது இதைத்தான். சட்டம் மாறியது உண்மை. ஆனால் புரோபேட் தேவையில்லை என்பதற்கும், உயிலை யாரும் எதிர்க்க முடியாது என்பதற்கும் தூரம் அதிகம். நாளைக்கே தங்கை ‘அப்பாவுக்குக் கடைசி வருஷம் நினைவே இல்லை’ என்று ஒரு வழக்குப் போட்டால், நீங்கள் இருபது வருடத் தவணையோடு பிரதிவாதியாக நிற்பீர்கள்.

உயில் இல்லை என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கியது. அவருக்குப் பின் மனைவி, மூன்று பிள்ளைகள் என நான்கு சம பங்கு. அம்மாவும் காலமானதால் அவர் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் போகும். தங்கைக்கும் அண்ணனுக்கும் இதில் வித்தியாசம் இல்லை. ஆக, உயில் உண்மையோ பொய்யோ, தம்பியும் தங்கையும் ஒப்புக்கொண்டால் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. மூவரும் சேர்ந்து உங்களுக்குக் கிரயம் எழுதித் தரலாம். அல்லது தம்பியும் தங்கையும் அண்ணனுக்கு முதலில் விடுதலைப் பத்திரம் (தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) பதிவு செய்துகொடுத்து, பிறகு அண்ணன் மட்டும் உங்களுக்கு விற்கலாம். இரண்டாவது வழி எனக்குப் பிடிக்கும். தங்கை விற்பவராகச் சேர்ந்தால், வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் அவர் பங்குக்கு வழக்கமான 1 சதவீத வரிப் பிடித்தம் பொருந்தாது. அதிக விகிதத்தில் நீங்கள்தான் பிடித்துக் கட்ட வேண்டும். பிடிக்கத் தவறினால் வருமான வரித்துறை உங்களைத்தான் கேட்கும். எந்த வழியானாலும் அவர் நேரில் வர முடியாவிட்டால் அங்கிருந்து பவர் எழுதி அனுப்பலாம். இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றோ, அப்போஸ்டில் (அந்த நாட்டு அரசின் சான்று) முத்திரையோடோ வர வேண்டும். இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

தாய்ப் பத்திரத்தின் ஒரிஜினல் ‘லாக்கர்ல இருக்கு’ என்றாராம். லாக்கரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்பதால் நிம்மதி அடைந்திருக்கிறீர்கள். பதிவான பரிவர்த்தனைகள் மட்டுமே அதில் வரும். பதிவில்லாத உயில், நிலுவையில் இருக்கும் வழக்கு, பத்திரத்தைக் கையில் கொடுத்துத் தனியாரிடம் வாங்கிய கடன் ஆகியவை அதில் தென்படாமலே போகலாம்.

மயிலாப்பூர் என்பதால் இன்னொன்று. இந்தப் பகுதியில் கோயிலுக்குச் சொந்தமான மனைகள் நிறைய. கோயில் மனையில் கட்டிய வீடு என்றால் விற்பவருக்கு உரிமை கட்டடத்தில் மட்டுமே இருக்கும். குடியிருப்போருக்கு மனையை வாங்கும் வாய்ப்பு தந்த நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டமும் 1996 திருத்தத்துக்குப் பிறகு கோயில் நிலங்களுக்குப் பொருந்தாது. உங்கள் பத்திரத்தில் யூடிஎஸ் எழுதியிருப்பதால் அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு நேரே யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அந்த 45 லட்சம்

‘கருப்புல கொடுத்தா பத்திரச் செலவு மிச்சம்’ என்று கணவர் சொல்கிறார் என்றீர்கள். ஒரு தாள் எடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் பழைய வீட்டுக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 45 லட்சத்தை மறைத்தால் மிச்சம் 4.05 லட்சம். வீட்டுக்கடனில் 75 லட்சத்துக்கு மேல் போகும் கடனுக்கு வங்கி வீட்டு மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் தராது. பதிவுச் செலவையும் மதிப்பில் சேர்க்காது. முழு விலைக்கும் பத்திரம் போட்டால் கடன் 108.75 லட்சம் வரை கிடைக்கும். உங்கள் கையிலிருந்து 36.25 லட்சம், பதிவுச் செலவு 13.05 லட்சம், ஆக 49.30 லட்சம். ஒரு கோடிக்கு மட்டும் பத்திரம் என்றால் கடன் 75 லட்சம்தான். கையிலிருந்து 25, ரொக்கம் 45, பதிவுச் செலவு 9, ஆக 79 லட்சம். உங்களிடம் இருப்பது 55. நாலு லட்சம் மிச்சம் பிடிக்கப் போய், இன்னும் 24 லட்சம் கைமாற்று தேட வேண்டியிருக்கும்.

அதோடு முடியவில்லை. பிற்காலத்தில் நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை ஒரு கோடி என்றுதான் காட்ட முடியும். மறைத்த 45 லட்சமும் உங்கள் லாபமாகத் தெரியும், இன்றைய 12.5 சதவீத மூலதன ஆதாய வரிப்படி அதற்கு மட்டும் 5.6 லட்சத்துக்கு மேல் வரி. சொத்துக்காக 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது. கொடுத்த உங்களிடம் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பேரம் முறிந்தால் அந்த ரொக்கத்துக்கு ரசீதும் இல்லை.

ரொக்கம் கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு வரி எவ்வளவு வரும் என்றே தெரியாது, பயம்தான். விற்பவரை ஓர் ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். 2001க்கு முன் வாங்கிய சொத்துக்கு 2001 ஏப்ரல் மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் விலைவாசிக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம், சேர்க்காமல் 12.5 சதவீதம் இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். விற்று ஆறு மாதத்துக்குள் 50 லட்சம் வரை அரசு அனுமதித்த கடன்பத்திரங்களில் போட்டால் அந்த அளவுக்கு வரியே இல்லை. இவ்வளவும் தெரிந்தபின் ‘முழுதும் செக்’ என்று இறங்கி வந்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அதன் பிறகும் ரொக்கம்தான் வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள்.

ஜேவி வரும், ஆனால் சும்மா வராது

மூன்றரை கிரவுண்டு என்றால் 8,400 சதுர அடி. வீட்டுக்கு 640 என்று பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே அளவு என்றால் 7,680. மீதி 720 சதுர அடி எங்கே? எண்பதுகளில் கட்டிய பல அடுக்ககங்களில் இப்படி ஒரு துண்டு மனை பழைய நிலச் சொந்தக்காரர் பெயரிலோ, கட்டியவர் பெயரிலோ தங்கிவிட்டிருக்கும். ஜேவி பேச்சு வரும்போது அவர்களுடைய வாரிசுகள் எங்கிருந்தாவது வந்து நிற்பார்கள். பன்னிரண்டு பத்திரங்களிலும் யூடிஎஸ் எவ்வளவு என்று அசோசியேஷன் செயலாளரிடம் கேட்டுக் கூட்டிப் பாருங்கள். ஒரு மாலை நேர வேலை.

அடுத்தது, எவ்வளவு கட்டலாம் என்பது. அந்தக் கட்டடம் மனைப் பரப்பில் ஒன்றரை மடங்கு கட்டப்பட்டிருக்கிறது: 12,600 சதுர அடி. 2019 விதிகளின்படி இப்போது சாதாரணமாக இரண்டு மடங்கு, 16,800 வரை கட்டலாம். கூடுதலாகக் கிடைப்பது 4,200. பன்னிரண்டு பேருக்கும் பழைய அளவிலேயே புது வீடு கொடுத்து, மாடி ஏறிய காலத்துக்கு லிஃப்டும் வைத்து, கட்டும் வரை வாடகையும் கொடுத்து, தன் லாபத்தையும் பில்டர் அந்த 4,200 சதுர அடியை விற்றுத்தான் எடுக்க வேண்டும். அகலமான சாலை என்றால் பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ (இன்னும் கூடுதலாகக் கட்ட அனுமதி) வாங்கலாம். அந்த வீடு இருக்கும் தெருவில் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே அதை நம்ப முடியாது. ஆகவே ஜேவி சாத்தியம்தான், ஆனால் ‘எனக்கு 200 சதுர அடி கூடக் கொடு’ என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தால் பில்டர் எழுந்து போய்விடுவார்.

எல்லோரும் சம்மதித்தால்தான் இடிக்க முடியும் என்பது பழைய நிலை. 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்கிறது. உங்கள் கட்டடத்தில் எட்டுப் பேர். இதை நல்ல செய்தியாகவே படித்திருக்கிறீர்கள். நீங்கள் கடன் வாங்கி, உள்ளே பத்து லட்சம் செலவழித்துக் குடியேறிய மறு வருடம், உங்களைக் கேட்காமலே மற்ற எட்டுப் பேர் முடிவெடுக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. அப்போது உங்கள் ஒரிஜினல் பத்திரம் வங்கியில் இருக்கும், வங்கியின் சம்மதம் வேண்டும், வீடு இடிந்து கிடக்கும் காலத்திலும் தவணை ஓடும். பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, பில்டரோடு ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா, அசோசியேஷன் புதிய சட்டப்படி பதிவாகியிருக்கிறதா என்பதை மினிட்ஸ் நோட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

மொட்டை மாடி அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த வரைபடத்தில் அந்த ஆஸ்பெஸ்டாஸ் அறை இருக்காது. அதற்கென்று விலையில் ஒரு ரூபாயும் சேர்க்காதீர்கள்.

எந்தப் பெயரில்?

பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்பது 2025 ஏப்ரல் முதல் உண்மை. ஆனால் 10 லட்சம் வரையிலான சொத்துக்கு மட்டும். மயிலாப்பூரில் 10 லட்சத்துக்குக் கார் நிறுத்தும் இடம் கிடைத்தாலே பெரிது. உங்கள் சம்பளமும் தவணைக்குப் போகப்போகிறது என்பதால் இருவர் பெயரிலும் வாங்குங்கள். கடனில் மட்டும் பெயர் இருந்து பத்திரத்தில் இல்லாமல் போகும் மனைவிகளின் வழக்குகள் எங்கள் அலுவலகத்துக்கு நிறைய வருகின்றன.

மாதக் கணக்கு

எல்லாக் கையெழுத்தும் கிடைத்து முழுதும் செக்கில் என்றே வைத்துக்கொள்வோம். 108.75 லட்சம் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதம் சுமார் 94 ஆயிரம். கைக்கு வருவதில் சரிபாதி. சேமிப்பில் மிஞ்சுவது ஆறு லட்சத்துக்கும் குறைவு. அதில் புரோக்கர் கமிஷன், ஒயரிங், பாத்ரூம். இப்போது நீங்கள் வாடகையாகக் கொடுக்கும் 38 ஆயிரம், வீட்டு விலையில் வருடத்துக்கு 3.1 சதவீதம்தான். வாடகை வீண் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் மாதத் தவணையில் 77 ஆயிரம் வட்டிக்கே போகும். அதையும் அந்தக் கணக்கில் சேருங்கள். நானாக இருந்தால் விலை 1.30 கோடிக்குள் வந்தால் யோசிப்பேன். வராவிட்டால் இன்னும் இரண்டு வருடம் வாடகையிலேயே இருப்பேன்.

பெரும்பாக்கமும் லேசான முடிவல்ல. சிறுசேரி பக்கம், வீடு புதிது, லிஃப்ட் உண்டு, தவணை தாங்கும். ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. மழைக்காலத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று செக்யூரிட்டியிடமும் பக்கத்துக் கடைக்காரரிடமும் கேளுங்கள். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இல்லாத திட்டம் என்றால் உள்ளேயே போகாதீர்கள். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் முன்பணம் வாங்கக்கூடாது.

மாமியார் விஷயம். இப்போது 72 வயது, லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. கோயில் பக்கம்தான், ஆனால் நாற்பது படி இறங்கி ஏறினால்தான் பக்கம். அறுபத்துமூவர் திருவிழா அன்று வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்ற சந்தோஷத்தோடு, அன்று ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்பதையும் யோசியுங்கள். அவரிடமே கேட்டுவிடுவது நல்லது. கடிதத்தில் எல்லோரும் அவருக்காகப் பேசுகிறார்கள், அவர் பேசவில்லை.

இனி செய்ய வேண்டியது

புரோக்கரிடம் இப்படிச் சொல்லுங்கள்: ‘பத்திரம் பார்த்து வக்கீல் ஓகே சொன்னதும் செக்காவே அட்வான்ஸ் தர்றோம்.’ ஒரிஜினல்கள், இரண்டு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உயிலின் ஒரிஜினல், அனுமதி பெற்ற வரைபடம், சொத்து வரி, குடிநீர், மின் ரசீதுகள் இவற்றைக் கேளுங்கள். வேறொருவர் வந்துவிடுவார் என்று அவசரப்படுத்தினால் வரட்டும்.

பத்திரங்கள் சரியாக இருந்தால், அட்வான்ஸுக்கு முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை அழைத்துப் போங்கள். கீழ்த்தளத் தூண்களின் அடிப்பகுதியில் சிமென்ட் பெயர்ந்து கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்பதை அவர் முதலில் பார்க்கட்டும். கடல் காற்று வாங்கும் இடம். மெட்ரோ ரயிலுக்காகச் சுரங்கம் தோண்டிய பகுதி என்பதால் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் கிரய ஒப்பந்தம். வெள்ளைத்தாள் அக்ரிமென்ட் போதும் என்பார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிந்தால் வில்லங்கத்தில் ஏறும். அவர் வேறொருவருக்கு விற்கப் போனால் அங்கே தெரிந்துவிடும். உரிமையில் குறை இருந்தாலோ, வங்கி கடன் மறுத்தாலோ முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்ற வரியை அதில் சேருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் தங்கையோடு பத்து நிமிடம் வீடியோ காலில் பேச வேண்டும் என்று விற்பவரிடம் கேளுங்கள். நம்பரை உடனே கொடுத்துவிட்டால் மற்ற வேலைகளைத் தொடங்குங்கள். ‘அவளை எதுக்கு இதுல இழுக்கணும்’ என்று பதில் வந்தால், அந்த வீட்டை மறந்துவிட்டு உங்கள் வீட்டு உரிமையாளரிடம் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.